எதிராளியின் கணக்கு

பி.ஏ. பொருளியல் விடைத்தாள் திருத்தும் எந்த ஆசிரியரிடமும் கேட்டுப் பாருங்கள். நுண்ணினப் பொருளியல் தாளில் மாணவர்கள் கண்ணை மூடிக்கொண்டு வரைகிற படம் ஒன்று உண்டு. அதுதான் முறிவுத் தேவைக்கோடு. மேலிருந்து மெல்லச் சாய்ந்து வரும் கோடு நடுவில் ஓரிடத்தில் மடங்கி, அங்கிருந்து சட்டென்று சரியும். அதன் கீழே எம்.ஆர். எனும் இறுதிநிலை வருவாய்க் கோடு பாதியில் அறுந்து, கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடி தொடங்கும். அந்த இடைவெளிக்குள் செலவு ஏறினாலும் இறங்கினாலும் விலை மாறாது என்று எழுதி அடிக்கோடு போட்டுவிட்டால் பத்து மதிப்பெண்ணில் ஏழு நிச்சயம். சில்லோர் முற்றுரிமை, மாணவர் வாயில் ஆலிகோபோலி, என்ற பாடமே பலருக்கு இந்த ஒரு படத்தோடு முடிந்துவிடுகிறது.

இந்தப் பாடத்தை நடத்தும்போதெல்லாம் எனக்கு உறுத்துவது, மடிப்பு விழுகிற அந்த விலை எங்கிருந்து வந்தது என்பதுதான். படம் அதைச் சொல்வதில்லை. விலை ஏற்கெனவே ஓரிடத்தில் நிற்கிறது என்று வைத்துக்கொண்டு, ஏன் அங்கேயே நிற்கிறது என்பதை மட்டும் விளக்குகிறது. 1939ல் அமெரிக்காவில் பால் ஸ்வீசியும், அதே ஆண்டில் ஆக்ஸ்ஃபோர்டில் ஹாலும் ஹிட்சும் இதை எழுதினார்கள். பெருமந்தக் காலத்தில் தேவை சரிந்தும் பெரிய நிறுவனங்கள் பலவற்றின் விலை அவ்வளவாக அசையாததைப் பார்த்த தலைமுறை அது. அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் நாலைந்து பேர் மட்டும் விற்கும் சந்தையில் விலை எப்படி உருவாகிறது என்று தெரிந்துகொள்ள வந்த பிள்ளைக்கு, விலை உருவான பிறகு தொடங்குகிற கதையை முதலில் சொல்லக்கூடாது. அதனால் என் வகுப்பில் முறிவுத் தேவைக்கோடு கடைசியில்தான் வரும். அதையும் விசாரித்துத்தான் ஏற்போம்.

முதலில் வரவேண்டியது எதிராளி. நிறைவுப் போட்டியில் விற்பவர் பக்கத்துக் கடைக்காரரைப் பார்க்கவே வேண்டாம். சந்தை விலை என்னவோ அதுதான் அவருக்கும். முற்றுரிமையில் பார்ப்பதற்கு ஆளே இல்லை. சில்லோர் முற்றுரிமையில் மட்டும்தான் எதிரே முகம் தெரிந்த ஒருவர் நிற்கிறார். அவரும் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். எனக்கு எது லாபம் என்பது அவர் என்ன செய்வார் என்பதைப் பொறுத்தது. அவர் செய்யப்போவதோ, நான் என்ன செய்வேன் என்று அவர் நினைப்பதைப் பொறுத்தது. ஆடுபுலி ஆட்டம் ஆடிய பிள்ளைக்கு இது புதிதே அல்ல. எதிராளியின் அடுத்த நகர்வை மனதுக்குள் ஒருமுறை ஆடிப் பார்க்காமல் யாரும் காயில் கை வைப்பதில்லை. இந்த ஒன்று பிடிபட்டுவிட்டால் பாடத்தின் முக்கால் பங்கு முடிந்தது. பிடிபடாவிட்டால் எத்தனை படம் வரைந்தும் பயனில்லை.

இதை முதன்முதலில் கணக்காக எழுதியவர் பிரான்சின் அகஸ்டின் கூர்னோ. ஆண்டு 1838. தாது நீர் ஊற்றுகள் இரண்டு, அவற்றுக்கு இரண்டு உரிமையாளர்கள், எடுப்பதற்குச் செலவில்லை, ஆளுக்கு எவ்வளவு விற்பது என்பதுதான் அவர் எடுத்துக்கொண்ட உதாரணம். புத்தகத்தை அன்று யாரும் கண்டுகொள்ளவில்லை. ஜோசப் பெர்ட்ராண்ட் என்ற கணித அறிஞர் அதைக் கடுமையாக விமர்சித்து எழுதியது 1883ல். அதற்கு ஆறு ஆண்டு முன்பே கூர்னோ இறந்துவிட்டார். இந்தச் செய்தியை நான் தவறாமல் சொல்வேன். புத்தகத்தில் வெறும் பெயராகக் கிடப்பவர்களுக்குப் பின்னால் இப்படி ஒரு வாழ்க்கை இருந்தது என்று தெரிந்தால் பிள்ளைகள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

எங்கள் வகுப்பில் பாதிப் பேர் பிளஸ் டூவில் கணிதம் எடுக்காதவர்கள். வகைநுண்கணிதம் என்ற சொல்லைக் கேட்டதும் பேனாவை மூடி வைத்துவிடுவார்கள். கூர்னோவைச் சொல்லிக்கொடுக்க வகைநுண்கணிதம் தேவையில்லை, ஒரே ஒரு பாதி போதும் என்பது நான் வழக்கமாக்கிக்கொண்ட முறை. விலை என்பது 120லிருந்து மொத்த விற்பனையைக் கழித்தால் வருவது என்று பலகையில் எழுதுவேன். ஒருவர் மட்டும் விற்றால் எவ்வளவு விற்பார்? 50 விற்றால் விலை 70, வருவாய் 3500. 70 விற்றால் விலை 50, அதே 3500. 60 விற்றால் விலையும் 60, வருவாய் 3600. மேலே கீழே எதைப் போட்டுப் பார்த்தாலும் 60 தரும் வருவாயைத் தாண்டாது. 120ல் சரிபாதி. செலவில்லாத, நேர்கோட்டுத் தேவைக்கு இந்தப் பாதி எப்போதும் நிற்கும்.

இப்போது இரண்டாமவரைக் கொண்டுவர வேண்டும். அவர் 30 விற்கிறார் என்றால் முதலாமவருக்கு மிச்சம் இருக்கிற சந்தை 90. அதில் பாதி 45. அவர் 60 விற்றால் மிச்சம் 60, பாதி 30. “மிச்சத்தில் பாதி” என்று வகுப்பே சொல்லத் தொடங்கிவிடும். எதிர்வினைச் சார்பு என்று பாடநூல் இரண்டு பக்கம் எழுதுவது முழுக்க இந்த இரண்டு சொல்தான். 60ல் தொடங்கினால் எதிராளி 30, அதற்குப் பதில் 45, அதற்கு 37.5, அதற்கு 41.25 என்று போய் இருவரும் 40ல் வந்து நிற்பார்கள். விலை 40, ஆளுக்கு வருவாய் 1600. இருவரும் சேர்த்து 3200தான், ஒற்றை ஆள் விற்றபோது கிடைத்த 3600 இல்லை. அந்த 400 எங்கே போயிற்று என்று கேட்டு ஒரு நாள் அவகாசம் கொடுப்பேன். வாங்குபவர் கைக்குப் போனதில் ஒரு பகுதி அது என்று மறுநாள் யாராவது ஒருவர் கண்டுபிடித்து வருவார்.

இந்த இடத்தில்தான் பாடத்தின் மிகச் சிறந்த கேள்வி வரும். ஆண்டு தவறாமல் வருகிறது என்று சொல்ல மாட்டேன், வருகிற ஆண்டு நல்ல ஆண்டு. ஒரு மாணவி கேட்டதை அப்படியே சொல்கிறேன்: “ஒவ்வொரு தடவையும் அவன் மாத்திக்கிட்டே இருக்கான். மாத்த மாட்டான்னு இவன் நம்பிக்கிட்டே இருக்கான். இவனுக்குப் புத்தியே வராதா மேடம்?” கூர்னோவின் மேல் நூறாண்டுக்கும் மேலாக வைக்கப்பட்ட விமர்சனம் இது. பாடநூலில் குறைபாடுகள் என்ற தலைப்பில் மூன்றாவதாகவோ நான்காவதாகவோ கிடக்கும். மனப்பாடம் செய்தவர்கள் அதை எழுதுவார்கள். அவள் தானாகக் கேட்டாள். அதற்கான பதில் ஜான் நேஷிடமிருந்து 1950ல் வந்தது. படிப்படியாக நகர்வதாக நினைக்க வேண்டாம். இருவரும் ஒரே நேரத்தில் முடிவெடுக்கிறார்கள், இருவரும் மற்றவர் தலைக்குள் புகுந்து பார்க்கிறார்கள். எதிராளி எடுத்த முடிவு தெரிந்த பிறகும் ‘வேறு மாதிரி செய்திருக்கலாமே’ என்று இருவருமே வருந்தாத இடம் எது? 40க்கு 40. படிக்கட்டை எடுத்துவிட்டாலும் அந்த இடம் அங்கேயே இருக்கிறது. கூர்னோ கண்டதையும் நேஷ் சொன்னதையும் ஒன்றாகப் பார்க்கிறபோது எனக்கு இன்றைக்கும் ஒரு நிறைவு வருகிறது. அதைப் பிள்ளைகளிடம் மறைப்பதில்லை.

படம் வரைவதில் ஒரு தொல்லை இருக்கிறது, புதிதாக இந்தப் பாடம் எடுப்பவர்களுக்காகச் சொல்கிறேன். இரண்டு எதிர்வினைக் கோடுகளையும் வரையும்போது இரு அச்சுகளிலுமே உற்பத்தி அளவுதான். ஓராண்டாகச் செங்குத்து அச்சில் விலையையே பார்த்துப் பழகிய கண், இங்கேயும் விலையைத்தான் தேடும். கோடுகளை முதலில் போட்டுவிட்டால் அவற்றைத் தேவை, அளிப்பு என்றே வாசித்துவிடுவார்கள். அதனால் அச்சுக்குப் பெயர் எழுதிவிட்டு, அதை இரண்டு பேரை வாசிக்கச் சொல்லி, அவர்களையே 60க்கு 30, 30க்கு 45 என்று புள்ளிகளை வைக்கச் சொல்வேன். கோடு பிறகு தானாக வரும்.

விற்பவர் எண்ணிக்கையைக் கூட்டுவது பத்து நிமிட வேலை. மூவர் என்றால் ஆளுக்கு 30, விலை 30. ஐவர் என்றால் ஆளுக்கு 20, விலை 20. பதினொருவர் என்றால் விலை 10. ஒருவரே இருந்தால் 60, எண்ணற்றவர் இருந்தால் பூச்சியத்தை நெருங்கும். முற்றுரிமை ஓர் அத்தியாயம், நிறைவுப் போட்டி இன்னோர் அத்தியாயம் என்று தனித்தனியாகப் படித்தவர்கள், இரண்டும் ஒரே கோட்டின் இரு முனைகள் என்று அன்றுதான் பார்க்கிறார்கள். ஒருவர் முந்திக்கொள்ளும் ஸ்டேக்கல்பெர்க் மாதிரியை ஒரு வீட்டுக் கணக்காகக் கொடுத்துவிடுவேன். முதலில் அறிவிப்பவர் 60, பின்தொடர்பவர் 30, விலை 30. பெர்ட்ராண்டையும் சுருக்கமாகவே முடிப்பேன். அளவுக்குப் பதிலாக விலையை வைத்துப் போட்டியிட்டால், ஒருவர் ஒரு ரூபாய் குறைக்க மற்றவர் இன்னொரு ரூபாய் குறைக்க, இரண்டே பேர் இருந்தும் விலை செலவு வரைக்கும் இறங்கிவிடும் என்கிறார் அவர். உற்பத்தித் திறனுக்கு எல்லை இருந்தால் அப்படி இறங்காது. குறைத்து விற்றவரிடம் சரக்கு தீர்ந்ததும் மிச்ச வாடிக்கையாளர் மற்றவரிடம்தானே வரவேண்டும்?

வகுப்பு உயிர் பெறுவது சீட்டு விளையாட்டில். எதிரெதிர் பெஞ்சில் இரண்டிரண்டு பேராக உட்கார வைத்து, ஆளுக்கொரு துண்டுத்தாளில் 30 அல்லது 40 என்று எழுதிக் கவிழ்த்து வைக்கச் சொல்வேன். பேசக்கூடாது. இருவரும் 30 எழுதினால் விலை 60, ஆளுக்கு 1800. இருவரும் 40 எழுதினால் ஆளுக்கு 1600. ஒருவர் 40, மற்றவர் 30 என்றால் விலை 50 ஆகி, 40 எழுதியவருக்கு 2000, 30 எழுதியவருக்கு 1500. எதிராளி எதை எழுதினாலும் 40 எழுதுவதே எனக்கு நல்லது. அவருக்கும் அப்படியே. ஆகவே இருவரும் 1600ல் போய் விழுவார்கள், 1800 கண்ணெதிரே இருந்தும். கைதிகளின் இக்கட்டு என்று ஆட்டக் கோட்பாட்டில் சொல்வது இதுதான். போலீஸ், வாக்குமூலம் என்று பாடநூல் சொல்லும் கதையைவிட இந்த ஊற்றுக் கணக்கில் அது நன்றாகப் புரிகிறது, ஏனென்றால் நாற்பதும் முப்பதும் எங்கிருந்து வந்தன என்று அவர்களுக்கே தெரியும்.

ஒரே சுற்று ஆடினால் பெரும்பாலும் 40தான். பல சுற்று ஆடவிட்டால் காட்சி மாறும். மூன்று நான்கு சுற்றில் சில ஜோடிகள் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் 30க்கு 30 என்று வந்து நிலைத்துவிடும். ஒருவர் 40 எழுதினால் அடுத்த சுற்றில் எதிராளியும் 40 எழுதித் தண்டிப்பார், பிறகு ஒருவர் துணிந்து 30க்குத் திரும்புவார், மற்றவர் அதைப் புரிந்துகொள்வார். ராபர்ட் ஆக்சல்ராட் கணினியில் நடத்திய போட்டியில் அனடோல் ரப்போபோர்ட் அனுப்பிய சின்னஞ்சிறு நிரல் வென்றதே, முதலில் ஒத்துழை, பிறகு எதிராளி செய்ததையே செய் என்று, அதை யாரும் சொல்லிக்கொடுக்காமல் இந்தப் பிள்ளைகள் கண்டுபிடிக்கிறார்கள். அப்போது நான் ‘இதுதான் கடைசிச் சுற்று’ என்று அறிவிப்பேன். சட்டென்று 40கள் வந்து விழும். கடைசி இன்னது என்று முன்பே தெரிந்தால், அதற்கு முந்தைய சுற்றும் ஆட்டம் காணும். எப்போது முடியும் என்று தெரியாதவரைதான் உடன்பாடு நிற்கிறது. தினமும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழித்தே ஆகவேண்டிய நிறுவனங்களுக்கு இடையே ஏன் பேச்சில்லாமலே விலை உயர்ந்து நிற்கிறது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் என்னிடம் இல்லை.

இதெல்லாம் முடிந்த பிறகு முறிவுத் தேவைக்கோட்டுக்கு வருவோம். அதன் அடிப்படை இரண்டே வாக்கியம்: நான் விலையைக் குறைத்தால் மற்றவர்களும் குறைப்பார்கள்; நான் ஏற்றினால் யாரும் ஏற்ற மாட்டார்கள். இதைச் சோதிக்க மாணவர்களின் சட்டைப் பையிலேயே சாட்சி இருக்கிறது: கைபேசி. 2009ல் டாடா டோகோமோ நிமிடக் கணக்கை விட்டு வினாடிக்கு ஒரு பைசா என்று வந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் பெரிய நிறுவனங்கள் எல்லாம் வினாடிக் கணக்குக்கு வந்துவிட்டன. 2016 செப்டம்பரில் ஜியோ இலவசமாக நுழைந்தபோதும் மற்றவர்கள் கட்டணத்தை இறக்கித்தான் ஆகவேண்டியிருந்தது. முதல் வாக்கியம் தேறிவிட்டது.

இரண்டாவது தேறவில்லை. 2019 டிசம்பர் 3ம் தேதி வோடஃபோன் ஐடியாவும் ஏர்டெல்லும் கட்டணத்தை ஏற்றின, மூன்று நாள் கழித்து ஜியோவும் ஏற்றியது. 2021 நவம்பரில் ஏர்டெல் தொடங்க, வோடஃபோன் ஐடியா தொடர்ந்தது, டிசம்பர் 1 முதல் ஜியோ. 2024 ஜூனில் முதலில் அறிவித்தது ஜியோ, மறுநாள் மற்ற இரண்டும். ஏர்டெல்லிலும் வோடஃபோன் ஐடியாவிலும் 179 ரூபாய்த் திட்டம் 199 ஆனது. ஜியோவின் 239ம் ஏர்டெல்லின் 265ம் ஒரே 299ல் வந்து நின்றன. ஏற்றினால் யாரும் பின்தொடர மாட்டார்கள் என்ற கோடு இங்கே எப்படி நிற்கும்? ஜார்ஜ் ஸ்டிக்லர் 1947லேயே சிகரெட், கார், எஃகு, பெட்ரோல் போன்ற அமெரிக்கத் துறைகளின் விலை வரலாற்றை எடுத்துவைத்து இதையேதான் கேட்டார். மடிப்பு இருப்பதற்கான ஆதாரம் அவருக்குக் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகும் அந்தப் படம் பாடத்திட்டத்தில் இத்தனை காலம் நீடித்திருக்கிறது. படமாக வரையச் சுலபம், திருத்தச் சுலபம் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

நியாயமாக இன்னொன்றையும் வகுப்பில் சொல்வேன். 2024 ஜூலையில் பி.எஸ்.என்.எல். ஏற்றவில்லை, லட்சக்கணக்கானோர் அங்கே மாறினார்கள். ஏற்றாத ஒருவர் இருந்தால் மடிப்பும் கொஞ்சம் இருக்கும். ஆனால் மற்றவர் பின்தொடர்வாரா மாட்டாரா என்பதை முதலிலேயே முடிவுசெய்து கோட்டில் புதைத்துவிட முடியாது. அதுதான் கண்டுபிடிக்க வேண்டிய விஷயம்.

“அப்போ மூணு பேரும் பேசி வச்சுக்கிட்டாங்களா மேடம்?” என்ற கேள்வி உடனே வரும். இங்கே நான் நிதானமாகப் போவேன். சீட்டு விளையாட்டில் நீங்கள் பேசினீர்களா? பேசாமலே 30க்கு வரவில்லையா? தவிர, எல்லோருக்கும் ஒரே நேரத்தில் செலவு ஏறினாலும் விலைகள் சேர்ந்தே ஏறும். 2019 அக்டோபரில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் ஏர்டெல், வோடஃபோன் ஐடியா இரண்டின் தலையிலும் அரசுக்குக் கட்டவேண்டிய பெரும் நிலுவை விழுந்ததை மறந்துவிடக்கூடாது. விலைகள் ஒன்றாக நகர்வதை மட்டும் வைத்து யாரையும் கூட்டுச் சதிக்காரர் என்று சொல்ல முடியாது. கூடுதலாகச் சாட்சி வேண்டும்.

அந்தச் சாட்சி எப்படி இருக்கும் என்று காட்ட சிமெண்டு வழக்கை எடுப்பேன். கட்டுமானத் தொழிலினர் சங்கம் புகார் கொடுக்க, இந்தியப் போட்டி ஆணையம் 2012 ஜூனில் 11 சிமெண்டு நிறுவனங்கள் மீதும் அவர்களின் சங்கத்தின் மீதும் ஏறத்தாழ 6,300 கோடி ரூபாய் தண்டம் விதித்தது. ஆணையம் பார்த்தது விலைகளை மட்டுமல்ல. சங்கக் கூட்டங்களில் தகவல் கைமாறியதையும், திறன் இருந்தும் உற்பத்தியைக் குறைத்துக்கொண்டதையும் பார்த்தது. ‘30 எழுதியிருக்கிறார்கள்’ என்று வகுப்பு ஒரே குரலில் சொல்லும். 2015ல் நடைமுறைக் குறை காரணமாக அந்த ஆணை ரத்தாகி, 2016ல் ஆணையம் மறுபடி விசாரித்துத் தண்டம் விதித்து, 2018ல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை உறுதிசெய்து, வழக்கு உச்ச நீதிமன்றம் போனது.

உலர் மின்கல வழக்கு வேறு மாதிரி. பானசோனிக் தானே ஆணையத்திடம் போய்க் கூட்டை வெளியிட்டது. 2018 ஏப்ரலில் எவரெடிக்கு ஏறத்தாழ 171 கோடி, நிப்போ தயாரிக்கும் நிறுவனத்துக்கு ஏறத்தாழ 42 கோடி தண்டம் வந்தது, பானசோனிக்கின் தண்டம் முழுக்கத் தள்ளுபடியானது. முதலில் வந்து சொல்பவருக்கு நூறு சதவீதம் வரை, இரண்டாமவருக்கு ஐம்பது வரை, மூன்றாமவருக்கு முப்பது வரை சலுகை என்பது விதி. “கூட்டுக் களவாணியை விட்டுட்டாங்களே” என்று பிள்ளைகளுக்குக் கோபம் வரும். கோபம் வரட்டும். பிறகு அதே சீட்டு விளையாட்டை ஆடவிட்டு, ஜோடிகளுக்கு நடுவில் ஓர் உறையை வைப்பேன். முதலில் அதைப் பிரிப்பவர் தப்பிப்பார், மற்றவர் தண்டம் கட்டுவார். உறையை யாருமே பிரிக்காத ஆட்டத்தில்கூட 30கள் குலைந்து 40கள் வரத் தொடங்கும். இந்தச் சலுகை சரியானது என்பது என் உறுதியான எண்ணம். உள்ளே இருப்பவர்களுக்கு ஒருவர் மேல் ஒருவருக்கு நம்பிக்கை போனாலொழியக் கூட்டு உடையாது.

போன ஆண்டு ஒரு மாணவன் இதை நீட்டிக் கேட்டான்: தண்டம் எவ்வளவு இருந்தால் கூட்டே தொடங்காது? சட்டம் லாபத்தைப் போல மூன்று மடங்கு வரை தண்டம் விதிக்க இடம் தருகிறது என்று சொன்னேன். ஒரு சுற்றை ஓர் ஆண்டாக வைத்து அவர்களே போட்டார்கள். கூட்டில் கிடைக்கும் கூடுதல் லாபம் ஆண்டுக்கு 200. தண்டம் 1800ல் மூன்று மடங்கு, 5400. ஆகவே 27ல் ஒரு வாய்ப்பு பிடிபட இருந்தாலே கிடைத்ததும் போவதும் சரிக்குச் சரி. பின்பெஞ்சிலிருந்து ஒருத்தி, “சிமெண்டு கேஸ் மாதிரி இழுத்தா?” என்றாள். பத்தாண்டு கழித்துக் கட்டும் 5400க்கு, வட்டி பத்து சதவீதம் என்றால், இன்றைய மதிப்பு ஏறத்தாழ 2080. அதன்படி பிடிபடும் வாய்ப்பு பத்தில் ஒன்று அளவுக்கு இருந்தால்தான் கூட்டு கட்டுப்படியாகாமல் போகும். விலை எங்கிருந்து வருகிறது என்று தொடங்கிய பாடத்தில், நீதிமன்றத்தின் தாமதமும் அந்த விலைக்குள் இருக்கிறது என்று அவர்கள் கணக்குப் போட்டே காட்டிவிட்டார்கள்.